பெற்ற பணமும் பெறாத பயனும்

ஓய்வுநிலை அரச எழுதுவினைஞர், ஆலய தர்மகர்த்தா சபை உறுப்பினர்

இவ்வாண்டு மலருக்கு எனது பங்காக ஒரு கேள்வியை மெய்யடியார்கள் முன் வைக்க விரும்புகின்றேன். ஒருவர் ஒரு காரியத்திற்காக எம்மிடம் முன்கூட்டியே பணம் தருகின்றார். அந்தக் காரியம் நடவாமற் போகின்றது. அவரிலும் பிழையில்லை, எம்மிலும் பிழையில்லை. அப்படியானால் அந்தப் பணம் யாருடையது?

திருக்குறளின் அறத்துப்பாலிலே பிறர் பொருளை விரும்பாமை பற்றி வெஃகாமை என்றும், களவு செய்யாமை பற்றிக் கள்ளாமை என்றும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. நான் கேட்கும் கேள்வி இவ்விரண்டுக்கும் இடையில் மறைந்து கிடப்பது. இங்கே யாரும் களவெடுக்கவில்லை. யாரும் ஆசைப்பட்டுப் பறிக்கவுமில்லை. தந்தவர் மனம் விரும்பியே தந்தார். பெற்றவர் நேர்மையாகவே பெற்றார். அதனால்தான் இதிலே உள்ள பிழை எமது கண்ணுக்குச் சுலபத்தில் தெரிவதில்லை.

இக்கேள்வி எமது சபைக்கு வந்தது 2020 ஆம் ஆண்டிலே. அவ்வருடம் பங்குனியில் கொவிட் நோய் காரணமாக நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. சித்திரையிலே கொடியேற வேண்டிய எமது மகோற்சவம் நடைபெறவில்லை. ஆனால் திருவிழா உபயகாரர் பலர் மாசி மாதத்திலேயே தமது உபயப் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டும் பெற்றிருந்தனர். ஊரடங்கு தளர்ந்த பின் கூடிய சபைக் கூட்டத்திலே, மூத்த உறுப்பினர் ஒருவர், “அம்பாளுக்கு எண்டு தந்த காசை ஆர் திருப்பிக் கேக்கப் போகினம்? கொரோனா வந்தது எங்கட பிழையே? கோயில் வரவில போட்டுவிடுங்கோ” என்றார்.

நான் எழுந்து, “அண்ணை, கேக்க மாட்டினம் எண்டதுக்காக அது எங்கட காசாகுமோ?” என்றேன். முப்பது வருடங்களுக்கு மேலாகக் கணக்குக் கிளையிலே இருந்தவன் என்ற உரிமையோடு ஒரு விளக்கமும் சொன்னேன். அரசாங்கக் கணக்கிலே, ஒரு வேலைக்காக ஒருவர் முன்கூட்டிக் கட்டும் பணத்தை நாம் வருமானம் என்று எழுதுவதில்லை. வைப்பு என்றே எழுதுவோம். வேலை முடிந்த பின்னரே அது வருமானமாகும். முடியாவிட்டால் அது கட்டியவருக்குரியது. உண்டியலிலே இடும் காணிக்கை வேறு, உபயம் வேறு. காணிக்கைக்கு நிபந்தனை இல்லை. இட்ட கணமே அது கோயிலுக்குரியது. உபயமோ இன்ன நாள், இன்ன திருவிழா, இன்ன பூசை என்று பெயர் சொல்லித் தருவது. திருவிழா நடக்கும் வரை அது எம்மிடம் வைப்பாகவே இருக்கின்றது.

சபை இதை ஏற்றுக்கொண்டது. உபயகாரர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினோம். அடுத்த வருடத்துக்கு வைக்கலாம், திருப்பணிக்கு விடலாம், அல்லது திருப்பிப் பெறலாம் என மூன்று வழிகளைக் கேட்டிருந்தோம். பெரும்பாலானோர் அடுத்த வருடத்துக்கே விட்டார்கள். நாலு பேர் திருப்பி வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் நாட்கூலி வேலை செய்பவர். அந்தக் காசு அந்நேரத்தில் அவர் வீட்டு அரிசி.

கூட்டத்திலே அவ்வளவு நியாயம் பேசிய நான் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. அதற்குரிய காரணத்தைப் பின்னர் சொல்கின்றேன். அதன் பிறகு இக்கேள்வியைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கின்றது எனத் தேடி வாசிக்கலானேன். அவற்றுட் சிலவற்றை முதலில் நோக்குவோம்.

முடிசூட்டு ஊர்வலம்

1902 ஆம் ஆண்டு ஜூன் 26 ஆந் திகதி இலண்டனிலே ஏழாம் எட்வேர்ட் மன்னரின் முடிசூட்டு விழா நடைபெற இருந்தது. 26, 27 ஆகிய இரு நாட்களிலும் ஊர்வலம். அது செல்லும் வீதிகளிலே வீடு வைத்திருந்தவர்கள் தமது யன்னல்களை நல்ல விலைக்கு வாடகைக்கு விட்டார்கள். பால் மால் என்னும் வீதியிலே ஒருவருடைய அறைகளை அவ்விரு நாட் பகற்பொழுதுக்கும் 75 பவுணுக்குப் பேசி, 25 பவுண் முற்பணம் கொடுத்தார் ஹென்றி என்பவர். ஆனால் மன்னருக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டது. ஜூன் 24 ஆந் திகதி அவருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது, விழா பிற்போடப்பட்டது. ஓகஸ்ட் 9 ஆந் திகதியே அவர் முடி சூடினார்.

வீட்டுக்காரர் மிகுதி 50 பவுணைக் கேட்டு வழக்கு வைத்தார். அறை அங்கே இருக்கின்றது, கதவு பூட்டப்படவில்லை, வந்து இருந்திருக்கலாமே என்பது அவரது நியாயம். எழுதிய ஒப்பந்தத்திலே ஊர்வலம் என்ற சொல்லே இருக்கவில்லை. ஆயினும் 1903 ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம், அவர் அறைக்காகப் பணம் பேசவில்லை, ஊர்வலத்தைப் பார்ப்பதற்காகவே பேசினார். அந்த அடிப்படை போய்விட்டது. ஆகவே மிகுதிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை எனத் தீர்த்தது. முற்பணமாகக் கொடுத்த 25 பவுணை ஹென்றி மேன்முறையீட்டிலே வற்புறுத்திக் கேட்கவில்லை. ஆதலால், கொடுத்துவிட்ட பணம் யாருடையது என்ற கேள்வி அங்கே விடைபெறாமல் நின்றது.

அடுத்த வழக்கிலே விடை வந்தது. அதே வீதி, அதே ஊர்வலம். சான்ட்லர் என்பவர் 141 பவுண் 15 ஷிலிங்குக்கு ஓர் அறையைப் பேசியிருந்தார். பணம் முழுவதும் ஊர்வலத்துக்கு முன்னரே கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் 100 பவுண் கட்டியிருந்தார். 1904 ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அந்த 100 பவுண் திரும்பக் கிடையாது. மிகுதி 41 பவுண் 15 ஷிலிங்கையும் அவர் கட்ட வேண்டும். காரியம் குழம்பிய நேரத்திலே யார் கையில் என்ன இருந்ததோ அது அவருக்கே. நட்டம் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்பது அந்த நீதியின் சாரம்.

அடியார்களே, இதை வாசித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. ஒரே ஊர்வலத்தைப் பார்க்க விரும்பிய இருவரில், பணத்தைப் பிந்திக் கட்ட இருந்தவர் தப்பினார். முந்திக் கட்ட ஒத்துக்கொண்டவர் முழுவதையும் இழந்தார். நம்பி முன்னரே கொடுத்தவனுக்குத் தண்டனை என்றால் அதை அறம் என்று சொல்ல முடியுமா?

கேட்க வேண்டிய கேள்வி

இதற்கு விடை அதற்கு முன்னரே இருந்தது என்பதுதான் வியப்பு. இங்கிலாந்தின் பிரதம நீதியரசராக இருந்த மான்ஸ்ஃபீல்ட் பிரபு 1760 ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பிலே, எவ்வகையான பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் எனப் பட்டியலிட்டார். தவறுதலாகக் கொடுத்த பணம், வற்புறுத்திப் பெற்ற பணம் ஆகியவற்றோடு, எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தக் கைம்மாறு கிடையாமற் போன பணத்தையும் அவர் சேர்த்தார். இயற்கை நீதியே அதைத் திருப்பிக் கொடுக்கும்படி பெற்றவரைக் கட்டுகின்றது என்பது அவர் கருத்து.

உரோமர்கள் இதை இன்னும் முன்னரே கண்டிருந்தார்கள். ஜஸ்டினியன் பேரரசர் 533 ஆம் ஆண்டு வெளியிட்ட சட்டத் தொகுப்பிலே இதற்கென்று ஒரு தலைப்பே உண்டு. அங்கே வரும் உதாரணம் எம்மவர்க்கு நன்கு விளங்கும். கலியாணம் நடக்கும் என்று நம்பி முன்கூட்டிச் சீதனம் கொடுத்தாயிற்று, கலியாணம் நடக்கவில்லை. சீதனம் திரும்ப வேண்டும். மாப்பிள்ளை குழப்பினாரா, பெண் வீட்டார் குழப்பினாரா, இரண்டும் இல்லாமல் விதி குழப்பியதா என்று அங்கே முதலில் கேட்பதில்லை. கலியாணத்துக்காகக் கொடுத்தது, கலியாணம் இல்லை, பிறகு எந்தக் காரணத்தைக் கொண்டு அதை வைத்திருக்கின்றாய் என்பதே கேள்வி. இரண்டாம் நூற்றாண்டிலே வாழ்ந்த பொம்போனியஸ் என்னும் சட்ட அறிஞர், பிறருக்கு நட்டம் உண்டாக்கி ஒருவர் செல்வமடைதல் இயற்கை நீதிக்கு ஒவ்வாது என்ற கருத்தை வைத்தார்.

இந்தச் சட்டம் எமது வீட்டுப்படி வரை வந்தது. ஒல்லாந்தர் 1658 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்களோடு வந்த உரோமன் டச்சுச் சட்டத்தை, 1796 ஆம் ஆண்டு கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் நீக்கவில்லை. தேசவழமைச் சட்டத்திலே விடை இல்லாத இடங்களில் இன்றும் எமக்கு அதுவே பொதுச் சட்டம். ஒல்லாந்து நாட்டுச் சட்ட மேதையான குரோஷியஸ், லூவஸ்டைன் கோட்டையிலே சிறைவைக்கப்பட்டிருந்தபோது எழுதி 1631 ஆம் ஆண்டு வெளிவந்த நூலிலே, வாக்குக் கொடுத்ததால் வரும் கடமை, குற்றம் செய்ததால் வரும் கடமை ஆகியவற்றோடு, பிறர் பொருளால் நியாயமின்றிப் பயனடைந்ததால் வரும் கடமையையும் தனியாக வகுத்தார். வாக்கும் கொடுக்கவில்லை, குற்றமும் செய்யவில்லை, ஆயினும் கடன் உண்டு என்பது இதன் பொருள்.

இங்கிலாந்து திருந்துவதற்கு ஒரு போர் வேண்டியிருந்தது. 1939 ஆம் ஆண்டு ஜூலையிலே போலந்து நாட்டுக் கம்பனி ஒன்று, லீட்ஸ் நகரிலிருந்த இயந்திரக் கம்பனியிடம் சணல் நார் பதப்படுத்தும் இயந்திரங்களை 4,800 பவுணுக்குக் கேட்டு, 1,000 பவுண் முற்பணம் கொடுத்தது. கிடினியா துறைமுகத்தில் இறக்கித் தருவதாக ஏற்பாடு. செப்டெம்பரிலே போர் மூண்டது; அந்தத் துறைமுகம் ஜேர்மனியர் வசமானது. இயந்திரம் போகவில்லை. முன்னைய முடிசூட்டு வழக்கைக் காட்டி, பணம் திருப்பித் தரமாட்டோம் என்றார்கள் விற்பவர்கள். 1942 ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரபுக்கள் சபை அந்தப் பழைய தீர்ப்பைத் தள்ளி, 1,000 பவுணும் திரும்ப வேண்டும் எனத் தீர்த்தது. ஒப்பந்தத்திலே விற்பவர் கொடுத்த வாக்குறுதி இருந்தது உண்மைதான். ஆனால் போலந்துக்காரர் பணம் கொடுத்தது வாக்குறுதி என்ற வார்த்தைக்காக அல்லவே, இயந்திரத்துக்காக.

இதற்கும் முன்னர், 1923 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்து வழக்கு ஒன்றிலே உரோமச் சட்டத்தையே பின்பற்றி அதே சபை பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தது. நட்டம் விழுந்த இடத்திலே கிடக்கட்டும் என்னும் விதி ஏமாற்றுக்காரருக்கும் சூதாடிகளுக்கும் கள்வருக்கும் இடையில் பொருந்தலாம் என்று கடிந்துகொண்டார் அங்கிருந்த ஷோ பிரபு. குற்றமற்ற இருவருக்கிடையில் அதைக் கொண்டுவந்தால் ஒருவருடைய நட்டம் மற்றவருடைய உழைக்காத இலாபமாகிவிடும் என்பது அவர் நியாயம்.

ஆகவே “யாரில் பிழை?” என்று கேட்பது ஒரு கேள்வி. “எதைக் காட்டி இதை நான் வைத்திருக்கின்றேன்?” என்று கேட்பது வேறொரு கேள்வி. நாம் பெரும்பாலும் முதலாவதைக் கேட்டு, என்னிற் பிழையில்லை என்று விடை கண்டு, இரண்டாவதைக் கேளாமலே எழும்பிப் போய்விடுகின்றோம்.

மணிக்கூட்டுக்காரரின் மாணவன்

இனி, ஒன்றுமே கிடையாமற் போனால் விடை இலகு. கொஞ்சம் கிடைத்திருந்தால்?

இங்கிலாந்திலே ஒரு தகப்பன் தன் மகனை மணிக்கூடு செய்யும் தொழில் பழக ஒருவரிடம் ஆறு வருடங்களுக்கு விட்டு, அதற்காக 25 பவுண் கொடுத்தார். ஏறக்குறைய ஒரு வருடம் கழிந்ததும் பழக்கியவர் இறந்துவிட்டார். மிகுதி வருடங்களுக்குரிய பணத்தைத் தகப்பன் கேட்டார். 1871 ஆம் ஆண்டுத் தீர்ப்பு, கைம்மாறு முற்றாகத் தவறினாலே பணம் திரும்பும். இங்கே ஒரு பகுதி கிடைத்துவிட்டது. ஆகவே ஒன்றும் திரும்பாது என்றது. ஒரு வருடத்தில் பழகியதற்கு இவ்வளவு, மிகுதிக்கு இவ்வளவு என்று நீதிமன்றம் பிரித்துக் கணக்குப் பார்க்க முடியாது என்பது ஒரு காரணம்.

நீதிமன்றத்துக்குக் கணக்குப் பார்ப்பது கஷ்டமாயிருக்கலாம். மனச்சாட்சிக்கு அந்தக் கஷ்டம் உண்டா என்பதே எனக்கு வந்த கேள்வி.

எனது கணக்கு

இவ்விடத்திலே என் கதையைச் சொல்லாமல் விட்டால், நான் மேலே எழுதியவை எல்லாம் பிறருக்கு உபதேசமாகவே முடியும்.

1995 ஆம் ஆண்டிலே என் மனைவியின் சீதன வீடு வெறுமையாக இருந்தது. நாங்கள் என் தாயாரோடு பக்கத்து வளவில் இருந்தோம். தீவுப் பகுதியிலிருந்து முன்னரே இடம்பெயர்ந்து வந்த ஒரு தையற்காரரும் மனைவியும் கைக்குழந்தையோடு அந்த வீட்டைக் கேட்டு வந்தார்கள். மாத வாடகை 500 ரூபா. ஒரு வருடத்தை முன்கூட்டித் தர வேண்டும் என்றேன். 6,000 ரூபாவையும் எண்ணித் தந்தார். தன்னிடமிருந்த இரண்டு தையல் மெசின்களில் ஒன்றை விற்றே அதைத் தந்தார் எனப் பிறகுதான் அறிந்தேன். ஒக்டோபர் முதலாந் திகதி குடிவந்தார்கள். ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பியது. அந்த இரவை எமது வாசகர்களுக்கு நான் விபரிக்க வேண்டியதில்லை. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலம் எல்லாம் உங்களுக்கும் தெரிந்தவையே.

1996 தை மாதம் கொடிகாமச் சந்தையில் அவரைக் கண்டேன். தயங்கித் தயங்கி, “அண்ணை, ஒரு மாதந்தானே இருந்தனாங்கள். மிச்சத்தில பாதியெண்டாலும் தந்தீங்களெண்டால் பிள்ளைக்குப் பால்மா வாங்கலாம்” என்றார்.

நான் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கின்றது. “தம்பி, நானே உங்களை எழும்பச் சொன்னனான்? வீடு அங்கைதான் நிக்குது.”

“ஓம் அண்ணை” என்று சொல்லிப் போய்விட்டார். அவ்வாண்டு சித்திரைக்குப் பிறகு நாங்கள் ஊர் திரும்பினோம். அவர்கள் வன்னிக்குப் போனார்கள். நான் அதை மறந்துவிட்டேன். மறந்தது பொய்யல்ல. மறக்கக்கூடியதாக இருந்தது என்பதுதான் என்னை வருத்துவது.

சபைக் கூட்டம் நடந்த அன்றிரவு என்னை நித்திரை கொள்ளவிடாமற் செய்தது அந்தப் பதில்தான். என் வாயிலிருந்து வந்தது, பால் மால் வீதி வீட்டுக்காரர் சொன்ன அதே நியாயம் என்பதைப் பின்னர் வாசித்தபோது கண்டேன். இன்னும் பின்னே சென்றால், 1647 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் இப்படியே ஒரு வழக்கு நடந்திருக்கின்றது. உள்நாட்டுப் போரிலே இளவரசர் ரூபேட்டின் படை ஒரு குத்தகைக்காரரை நிலத்திலிருந்து துரத்திவிட்டது. அவர் நிலத்தை ஆளாத காலத்துக்கும் குத்தகை கட்டவேண்டும் என்றது அந்த நாட்டு நீதிமன்றம். ஆனால் உரோமச் சட்டமும் அதன் வழிவந்த உரோமன் டச்சுச் சட்டமும் வேறு விதமாகச் சொல்கின்றன. எதிரிப் படை வருவது போன்ற, தடுக்க முடியாத காரணத்தால் குடியிருப்பவர் வீட்டையோ நிலத்தையோ அனுபவிக்க முடியாமற் போனால், அக்காலத்துக்குரிய வாடகையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. என் சொந்த நாட்டிலே வழங்கும் சட்டத்தின் பொது விதியே என் பக்கம் இருக்கவில்லை. அது தெரியாமல் நான் சந்தையிலே நின்று நியாயம் பேசினேன்.

செலவழிந்த காசு

எனக்குச் சார்பாகவும் சிலவற்றை எண்ணிப் பார்த்தேன். கணக்கு எழுதுபவன் இரு பக்கமும் எழுத வேண்டும்.

முதலாவது, அவர்கள் வருமுன் வீட்டுக்கு வெள்ளையடித்து, ஒரு கதவும் மாற்றினேன். இச்செலவைக் கழிக்கலாமா? இது நியாயமான கேள்வி. போலந்து வழக்கிலே, இயந்திரம் செய்வதற்குச் செலவழித்தவர்களுக்கு ஒன்றும் கிடையாமற் போனது குறையாகப்பட்டது. அதனால் 1943 ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஒரு சட்டம் வந்தது. அதன்படி பெற்றவர் அந்தக் காரியத்துக்காக உண்மையில் செலவழித்திருந்தால், நீதிமன்றம் நியாயம் என்று கண்ட அளவை அவர் வைத்துக்கொள்ளலாம். எமது சபையும் இதே நியாயத்தையே கடைப்பிடித்தது. 2020 திருவிழாவுக்கு மேளகாரருக்கு நாம் முற்பணம் கொடுத்திருந்தோம். அவர்கள் அந்த நாட்களுக்கு வேறு இடம் ஏற்காமல் இருந்தவர்கள்; தொழில் முற்றாக நின்றிருந்தது. அதைத் திருப்பிக் கேட்காமல் அடுத்த திருவிழாவில் கழிப்பதெனத் தீர்மானித்தோம். ஆனால் என் வீட்டுச் சங்கதி அப்படியல்ல. அடித்த வெள்ளை என் சுவரிலே இருந்தது. மாற்றிய கதவு என் நிலையிலே நின்றது. அவருக்காகச் செலவழித்தேன் என்று நான் எப்படிச் சொல்வது?

இரண்டாவது, அந்தக் காசு என்னிடம் மிஞ்சவில்லை. ட்ரக்டர் கூலிக்கும், தாயாரின் மருந்துக்கும், அரிசிக்கும் போய்விட்டது. பெற்ற பணத்தைக் கள்ளமின்றிச் செலவழித்து, அதனால் நிலைமை மாறிப்போனவரிடம் முழுவதையும் கேட்பது நீதியாகாது என்பதை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையும் 1991 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. உரோமன் டச்சுச் சட்டமும், பெற்றவரிடம் இப்போது எஞ்சியுள்ள நயத்தின் அளவையே நோக்கும். ஆனால் அந்த 1991 ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே ஓர் எச்சரிக்கை உண்டு. காசு செலவழிந்துவிட்டது என்பது மாத்திரம் போதாது. எப்படியும் செய்திருக்கும் செலவாகவும் அது இருக்கலாம். இதை வாசித்தபோது எனக்குத் தப்ப வழி இருக்கவில்லை. அவருடைய காசு இல்லாதிருந்தால் என் தாயாருக்கு மருந்து வாங்காமல் விட்டிருப்பேனா? மனைவியின் காப்பை அடைவு வைத்தாவது வாங்கியிருப்பேன். ஆகவே அவருடைய 5,500 ரூபா காப்பாற்றியது என் மனைவியின் காப்பை. அந்தக் காப்பு இன்றும் வீட்டில் இருக்கின்றது.

மூன்றாவது, காலம் கடந்துவிட்டது. 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இப்படியான வழக்கை எந்நாளும் வைக்க முடியாது. அது சரியே. ஆனால் காலம் கடந்தால் வழக்கு வைக்கும் உரிமை போகும்; பெற்றது பெறாததாக ஆகிவிடாது.

2020 ஆவணியிலே விசாரித்து அவர்களைத் தேடிப் போனேன். கிளிநொச்சிப் பக்கம் ஒரு சிறு வீடு. தையற்காரர் சில வருடங்களுக்கு முன் நோய்வாய்ப்பட்டுக் காலமாகிவிட்டார். மனைவி என்னை உடனே அடையாளம் கண்டார். நான் விடயத்தைச் சொன்னேன். 1995 ஆம் ஆண்டின் 5,500 ரூபாவை இன்று அதே எண்ணிக்கையில் கொடுத்தால் அது கொடுத்ததாகாது. ஆகவே அந்த வீட்டுக்கு இன்று வரும் வாடகையின்படி பதினொரு மாதத்துக்குக் கணக்குப் பார்த்து, ஓய்வூதியத்தில் மூன்று தவணையாகத் தருவதாகச் சொல்லி, முதற் தவணையை வைத்தேன்.

“அதெல்லாம் நாங்கள் மறந்து போனம் அண்ணை” என்றார்.

“நானும் மறந்துதான் போனன் தங்கச்சி. நான் மறந்திருக்கக் கூடாது” என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இவர் இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார். எனக்குத் தேவை இருக்கு. வாங்கிறன்” என்று எடுத்துக்கொண்டார். தேநீர் தந்தார். கொடிகாமச் சந்தையைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. மிகுதி இரு தவணைகளும் பின்னர் கொடுபட்டன.

கடன் தீர்ந்ததா என்றால், காசுக் கணக்கு தீர்ந்தது எனலாம். பால்மா கேட்ட மனிதருக்கு அன்று கொடுக்க வேண்டியதை இருபத்து நாலு வருடங்கள் கழித்து வேறொருவரிடம் கொடுத்ததற்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

நிறைவாக

மெய்யடியார்களே, எம் எல்லோருடைய வாழ்விலும் இப்படியான பணம் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். நின்றுபோன கலியாணத்துக்கு வாங்கிய முற்பணம், நடவாத ரியூசன் வகுப்புக்கு வாங்கிய மாதக் காசு, எழுதாமற் போன காணி உறுதிக்கு வாங்கிய அட்வான்ஸ், கட்டாமல் விட்ட வேலிக்குக் கொடுபட்ட கூலி. அவற்றிலே எமது குற்றம் இல்லாதிருக்கலாம். போர், நோய், வெள்ளம், மரணம் ஆகியவை எம்மைக் கேட்டு வருவதில்லை. ஆனால் அவை கொண்டுவந்த நட்டம் முழுவதையும், எம்மை நம்பி முதலிற் கை நீட்டிக் கொடுத்தவர் தலையிலே விட்டுவிட எமக்கு உரிமை இல்லை. அவருக்கென்று நாம் உண்மையாகச் செலவழித்ததைக் கழிக்கலாம். அவர் பெற்றதைக் கழிக்கலாம். இருவரும் இருந்து கதைத்துப் பங்கிடலாம். மிகுதி அவருடையது.

எமது ஆலயத்திலே இப்போது உபயப் பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்கு வேறாக ஒரு கொப்பி உண்டு. முன்கூட்டிப் பெறும் பணம் முதலில் அதிலே வைப்பு என எழுதப்படும். அந்தத் திருவிழா இனிதே நிறைவேறி, உபயகாரருக்கு விபூதிப் பிரசாதம் கொடுத்த பின்னரே வரவுப் பக்கத்துக்கு மாற்றப்படும். அதை எழுதும் பொறுப்பைச் சபை எனக்குத் தந்திருக்கின்றது. தங்கள் பெயரில் ஏதும் நிலுவை இருக்கின்றதா என அறிய விரும்பும் அடியார்கள் வெள்ளிக்கிழமை மாலைப் பூசையின் பின் வந்து அக்கொப்பியைப் பார்க்கலாம்.